கலகலா நமுத்துப் போவது ஏன்? கிறிஸ்துமஸ் பலகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுபவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. தட்டு போய்ச் சேரும் அடுத்த வீட்டில், சீப்புச் சீடையும் தேன்குழலும் மனகோலமும் டின் டின்னாகச் சுட்டுப் பழகிய ஆச்சி ஒருவர் இருப்பார். மைதாவில் பிசைந்து பொரிக்கும் கலகலாவை ஒடிக்கும் சத்தத்திலேயே பதம் தப்பியது அவருக்குத் தெரிந்துவிடும்.

பலகாரம் கெட்டால் செய்முறைக் குறிப்பைத் திட்டுகிறோம். என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி ஈரம், அடுத்தது சூடு. வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயாத டிசம்பரில் மாவு, சர்க்கரை எல்லாமே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கோடையில் சரியாக வந்த அதே அளவுத் தேங்காய்ப்பால் இப்போது அதிகமாகிவிடும். பச்சரிசி மாவை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் லேசாக வறுத்து, ஆறவிட்டு, சலித்துக்கொள்ளுங்கள். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் மாவு கேட்கிற அளவுக்கு மட்டும் விடுங்கள்.

அதிகம் பேர் தோற்பது பூ வடிவில் வரும் அச்சு முறுக்கில்தான். கடையில் வாங்கிய புது இரும்பு அச்சை அன்றே எண்ணெயில் இறக்கினால் ஒரு பூகூடக் கழன்று வராது. சோறு வடித்த கஞ்சியில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்துப் பழக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கை பழகிய அச்சு கண்ணில் பட்டால் விடாதீர்கள். துரு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடும்போது அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். மாவில் தொட்டதும் ‘சுர்’ரென்று சத்தம் வரவேண்டும். சத்தம் இல்லையென்றால் அச்சு காயவில்லை, மாவு அதில் பிடிக்காது. இன்னொன்று, அச்சை மாவில் முக்கால் உயரத்துக்கு மேல் முக்கவே கூடாது. மேல் விளிம்பில் மாவு ஏறிவிட்டால் பூவுக்குள் அச்சு மாட்டிக்கொள்ளும். பிறகு கத்தியால் நெம்ப வேண்டியதுதான். இனிப்பு தூக்கலாக இருக்கட்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போடுவதும் இதே வினையைத்தான் கொண்டுவரும்: பூ ஒட்டும், வேகும் முன்பே கருகும். அரிசி மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறை முக்கும் முன்பும் ஒரு கலக்குக் கலக்குங்கள்.

கலகலாவுக்கு வருவோம். மைதாவைப் பரோட்டாவுக்குப் போல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விட்டால் போதும். தீயைத் தூக்கி வைத்துச் சுட்டால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அன்று மொறுமொறு என்றுதான் இருக்கும். மறுநாள் உள்ளீரம் வெளியே வந்து நமுத்துவிடும். மிதமான தீயில், எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை பொறுத்து எடுக்க வேண்டும். மேலே பூசும் பாகும் கெட்டியாக இருக்கவேண்டும்; கிளறக் கிளற வெள்ளையாகப் பூத்து ஒட்ட வேண்டும். இளம்பாகை ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

பட்டர் பிஸ்கட்டில் வேறொரு சிக்கல். ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று குளிர் நாட்டுக் குறிப்புகள் சொல்வது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸை. நம் ஊரில் டிசம்பர் பகலிலும் 28, 29 டிகிரி சாதாரணம். காலையிலேயே வெளியே எடுத்து வைத்த வெண்ணெய் மதியத்துக்குள் குழைந்துவிடும். அதில் சர்க்கரையை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. பிஸ்கட் அடுப்பில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கி உள்ளே போகக் கூடாது, அதுதான் பதம். வெட்டிய பிஸ்கட்டைத் தட்டோடு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, 10 நிமிடத்துக்குக் குறையாமல் சூடேறிய ஓவனில் வையுங்கள். கப்பில் அளக்கும்போது மாவைத் தளரவிட்டு நிரப்பித் தலைதட்டினால் சுமார் 125 கிராம் வரும். அமுக்கி நிரப்பினால் 150 வரை போய்விடும், பிஸ்கட் வறண்டு உதிரும். பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு சமையல் சோடா போடுகிறவர்களும் உண்டு. சோடாவின் வேகம் மூன்று மடங்குக்கும் மேல். மிஞ்சினால் சோப்பு வாடை அடிக்கும்.

கேக்குக்கு ஊறவைத்த பழங்களை வடிகட்டி, கொஞ்சம் மாவில் புரட்டிப் போடாவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதிரசத்தைப் பற்றி இந்த ஊரில் நான் பாடம் எடுப்பது அடுக்காது.

எல்லாம் சரியாக வந்தும் டின்னில் கோட்டை விடுவார்கள். இளஞ்சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து உள்ளேயே இறங்கும். கேக்கையும் கலகலாவையும் ஒரே டின்னில் போட்டால் கேக் காயும், கலகலா நமுக்கும். அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது.

கடைசியாக, முட்டை. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு பல ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டியே விழும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களும், பழனிக்கு நடக்க விரதம் இருப்பவர்களும் அந்தச் சமயத்தில்தான் இருப்பார்கள். கேட்காமல் முட்டைப் பலகாரத்தை அனுப்பினால் தட்டு அப்படியே மூலையில் கிடக்கும். அச்சு முறுக்கு, கலகலா இரண்டையும் முட்டையில்லாமல் கெட்டித் தேங்காய்ப்பாலிலேயே செய்யலாம். அந்த ஈட்டை முதலில் சுட்டு எடுத்துத் தனி டின்னில் போட்டுவிட்டு, பிறகு அதே எண்ணெயில் முட்டை சேர்த்ததைச் சுடுங்கள். எண்ணெயும் மிச்சம், ஆச்சி விசாரித்தால் மென்று விழுங்கவும் வேண்டாம்.