பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஹர்லிங் வழியில் கால்பந்துப் பயிற்சி

அயர்லாந்தின் முன்னாள் முன்கள வீரர் ஷேன் லாங், தொழில்முறைக் கால்பந்துக்கு வருமுன் டிப்பரரி கவுண்டியின் இளையோர் அணியில் ஹர்லிங் ஆடியவர். மட்டையால் தோல் பந்தை அடித்தும், உயரத்தில் வருவதைத் தாவிக் கையால் பிடித்தும் ஆடும் அந்த ஆட்டம், தலையால் முட்டுவதற்கு எம்ப வேண்டிய நொடியைக் கணிக்கப் பழக்கும் என்பது என் கருத்து.

பாளையங்கோட்டைப் பள்ளித் திடல்களில் இதைச் செய்துபார்க்க டென்னிஸ் பந்தும் சுவரும் போதும். முதலில், சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகையில் வலக்கை, இடக்கை என மாறி மாறிப் பிடிக்கச் செய்யுங்கள். அடுத்து, இருவரை அருகருகே நிறுத்திப் பந்தை மேலே வீசினால், முந்தி எம்புபவனைவிட, பந்து இறங்கத் தொடங்கும் வரை பொறுத்து எம்புபவனே பெரும்பாலும் பிடிப்பான். இதை அவர்களாகவே கண்டுகொள்ள விடுங்கள். பிறகு கால்பந்துக்கு மாறி, கைக்குப் பதில் நெற்றியால் முட்டச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி பக்கம் ஹாக்கி மட்டைக்குப் பஞ்சமில்லை என்றாலும், தலைக்கவசமின்றி யாரையும் மட்டை வீச விடாதீர்கள்; அயர்லாந்திலேயே 2010 முதல் ஹர்லிங்கில் எல்லா வயதினருக்கும் அது கட்டாயம்.