கண்காட்சி விமர்சனம் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"இப்படைப்புகள் நினைவு, உடல், வெளி ஆகியவற்றுக்கு இடையிலான உறவைக் கேள்விக்குள்ளாக்குகின்றன." சமகாலக் கலைக் கண்காட்சிகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்த வரி எங்காவது வந்து உட்கார்ந்துகொள்ளும். சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம்: உடலுக்குப் பதில் அடையாளம், வெளிக்குப் பதில் எல்லை. கட்டுரையைப் படித்து முடித்தவரிடம், அங்கே இருந்தது ஓவியமா, புகைப்படமா, சுவரில் சாய்த்து வைத்த இரும்புத் தகடா என்று கேட்டால் முழிப்பார். நானும் இப்படி எழுதியவன்தான். பழைய கட்டுரைகளைத் திரும்பப் படித்துக் கூச்சப்பட்ட பிறகு சேர்ந்தவை இந்தக் குறிப்புகள்.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நுழைவாயில் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பிலிருந்துதான். அதை எழுதுவது க்யூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர். ஆனால் அச்சாகிச் சுவருக்கு வருவதற்குள் பல மேசைகளைத் தாண்டி வருகிறது. யார் மனமும் கோணாத மொழியாக அது ஆகிவிடுவதில் ஆச்சரியமில்லை. அதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்வதை விமர்சனம் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். நான் இப்போது செய்வது: சுவர்க்குறிப்பைப் படிக்காமல் ஒரு சுற்று வருவேன். நின்ற இடத்திலேயே, கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் நாலைந்து வரி எழுதுவேன். என்ன பொருள், எவ்வளவு பெரியது, தரையிலா சுவரிலா, பக்கத்தில் என்ன, நான் எங்கே நின்றேன். அப்புறம்தான் குறிப்பைப் படிப்பேன். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத்தான்.

விடுபடும். கியூபாவில் பிறந்த ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-ல் செய்த ஒரு படைப்பில், பளபளக்கும் வண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் குவிந்திருக்கும். அதன் இலட்சிய எடை, அதாவது குவியல் முழுமையாக இருக்கும்போது இருக்க வேண்டிய எடை, 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் மெலியும், பிறகு மீண்டும் நிரப்புவார்கள். அது அவருடைய துணைவர் ராஸின் உருவச்சித்திரம் என்று தலைப்பே சொல்கிறது. ராஸ் அதே 1991-ல் எய்ட்ஸால் இறந்தவர். இது தெரிந்ததும் மிட்டாய் எடுக்க நீளும் கை ஒரு கணம் தயங்கும். ஆனால் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இதற்கு வைத்திருந்த குறிப்பு எடையைப் பற்றிப் பேசியதே தவிர, ராஸ் யார் என்பதையும் எய்ட்ஸையும் சொல்லவில்லை. 2022-ல் பார்வையாளர்கள் அதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மாற்றி எழுதினார்கள். பழைய குறிப்பை நம்பி எழுதியவர் மிட்டாயின் எடையைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருப்பார்.

அடுத்த சறுக்கல், போன் திரையில் பார்த்ததை வைத்து எழுதுவது. நேரில் போனவர்களும் இதைச் செய்கிறார்கள். மளமளவென்று படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆட் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1960 முதல் 1967-ல் இறக்கும் வரை ஏறக்குறைய ஒரே ஓவியத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்: 5 அடிக்கு 5 அடி, கருப்புச் சதுரம். போனில் பார்த்தால் அணைத்துவைத்த டிவி மாதிரி இருக்கும். நேரில் முதல் அரை நிமிடமும் அப்படித்தான். ஒன்றிரண்டு நிமிடம் நகராமல் நின்றால், கண் இருட்டுக்குப் பழகுவது போலப் பழகி, நடுவில் ஒரு சிலுவை வடிவம் மெல்ல மேலே வரும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள். ஒரு கருப்பில் கொஞ்சம் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. சாயத்திலிருந்து எண்ணெயை இறக்கிவிட்டுப் பூசியிருப்பதால் துளிப் பளபளப்பு கிடையாது. விரல் பட்டால் தடம் விழும் அளவுக்கு மென்மையான பரப்பு. இதில் எதையும் கேமரா பிடிக்காது. பொறுமையில்லாத கண்ணும் பிடிக்காது.

பொறுமை என்றதும் ஒரு கணக்கு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அளந்து 2001-ல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். சும்மா பார்க்க வருகிறவர் அப்படிப் போகலாம், அது அவர் இஷ்டம். எழுதப்போகிறவர் அப்படிப் போனால் ரைன்ஹார்ட்டைப் பற்றி "வெறும் கருப்பு" என்று எழுதுவார். எல்லாப் படைப்பின் முன்னும் பத்து நிமிடம் நிற்க யாராலும் முடியாது, கால் கடுத்துவிடும். மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். மிச்சத்தைக் கட்டுரையில் விட்டுவிடுங்கள். "கண்காட்சியில் 64 படைப்புகள் இடம்பெற்றிருந்தன" என்று பட்டியல் போடும் கட்டுரையை யாரும் படித்து முடிப்பதில்லை.

சரி, "இதை என் குழந்தையே செய்யுமே" என்கிற வாதத்துக்கு வருவோம். இது ரொம்பப் பழைய சண்டை. 1976-ல் லண்டன் டேட் கலைக்கூடம் வாங்கியிருந்த, அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆண்ட்ரேயின் செங்கல் படைப்பு அங்கே நாளிதழ்களின் வாயில் விழுந்தது. 120 செங்கல், இரண்டு அடுக்கு, நீள்சதுரமாகத் தரையில். மக்கள் பணத்தில் செங்கல் வாங்கிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். ஒரு பார்வையாளர் அதன்மேல் நீலச் சாயத்தைக்கூட ஊற்றினார். கூச்சலில் அமுங்கிப்போன தகவல் ஒன்று உண்டு. ஆண்ட்ரே 1966-ல் இதைத் தனியாகச் செய்யவில்லை. எட்டுப் படைப்புகள் கொண்ட வரிசையில் இது எட்டாவது. எட்டிலும் அதே 120 செங்கல், அதே இரண்டு அடுக்கு. அடுக்கும் விதம்தான் வேறு. ஒன்று நீளமாக ஓடும், ஒன்று ஏறக்குறைய சதுரமாக நிற்கும். கண் ஒன்றைப் பெரியது என்கிறது, இன்னொன்றைச் சிறியது என்கிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவு. தலைப்பின் பொருளே "சமானம்" என்பதுதான். இன்னொன்று: 1966 கண்காட்சிக்குப் பிறகு அந்தச் செங்கற்கள் விற்ற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டன. டேட் வாங்கியது பிறகு வேறு செங்கல்லில் திரும்பச் செய்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கே பாதி நாள் பிடிக்கும், பாதி நாள் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று எழுதுவதில் தவறே இல்லை. எதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்கிறோம் என்பதுதான் கேள்வி. எதிர்ப்பக்கத் தவறும் இதே அளவு மோசம். புரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் "ஆழமான படைப்பு" என்று புகழ்வது. என்னைக் கேட்டால், நேர்மையாகச் சலித்துக்கொண்ட கட்டுரை பயந்து புகழ்ந்த கட்டுரையைவிட மேல்.

பொதுக் கலைக்கூடத்தையும் தனியார் கேலரியையும் ஒரே தட்டில் வைப்பது அடிக்கடி நடக்கும் குழப்பம். தனியார் கேலரி என்பது கடை. நல்ல கடையாக இருக்கலாம், ஆனாலும் கடை. சுவரில் உள்ளது விற்பனைக்கு. பொதுக் கலைக்கூடத்தில் உள்ளது மக்கள் சொத்து, அல்லது மக்களுக்காக இரவல் வாங்கியது. பொதுப் பணம் கலையில் வீணாகிறது என்று எழுதுகிறவர்கள் உடனே வாழைப்பழத்தை இழுப்பார்கள், இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கத்தெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழத்தை. அது 2019-ல் மயாமியில் ஒரு கலைச் சந்தையில் 1,20,000 டாலருக்கு விலைபோனது. 2024-ல் ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து 62 லட்சம் டாலர். வாங்கியவர் பணம், விற்றவர் பாடு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு, பொதுக் கலைக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் தேர்ந்தெடுத்தார்கள்? சேகரிப்பில் இருந்தும் கிடங்கை விட்டு வெளியே வராதது எது? யார் பெயர் அறைக்கு மேலே பொறித்திருக்கிறது?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கலைஞர்களே கேட்டிருக்கிறார்கள். வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின் (Nan Goldin), 2018 மார்ச்சில் தன் தோழர்களோடு மெட்ரோபாலிட்டனுக்குள் போய், அங்கிருக்கும் எகிப்தியக் கோயிலைச் சுற்றிய நீரில் மாத்திரைக் குப்பிகளை வீசினார். அந்த மாத்திரையை விற்றுச் சம்பாதித்த சாக்லர் குடும்பத்தின் பெயர் அந்த அறைக்கு வைக்கப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் பெயரை எடுத்துவிடுவதாக அருங்காட்சியகம் அறிவித்தது. அதற்காக ஒவ்வொரு விமர்சனத்தையும் நன்கொடையாளர் புலனாய்வாக மாற்ற வேண்டியதில்லை. சுவரில் உள்ள படைப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் நிறுவனத்தை மட்டும் திட்டும் கட்டுரைகளும் நிறைய வருகின்றன, அவற்றில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எண்ணிப் பாருங்கள், அது போதும். கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்களின் குழு 1989-ல் அதே அருங்காட்சியகத்தில் போய் எண்ணியது. நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். அந்த இரண்டு எண்களை ஒரு சுவரொட்டியில் போட்டார்கள். நீளமான கட்டுரை எதுவும் தேவைப்படவில்லை.

சின்னச் சறுக்கல்கள் சில. அறை மங்கலாக இருந்தது என்று குறை சொல்லும் முன், உள்ளே இருப்பது காகிதமா துணியா என்று பாருங்கள். வெளிச்சம் சாயத்தைத் தின்னும் என்பதால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான் தருவார்கள். அலுவலக மேசையில் அது 300 முதல் 500 வரை இருக்கும். படம் போடும்போது தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு நான்கையும் போடுங்கள். அக்ரிலிக்கை எண்ணெய் வண்ணம் என்று எழுதினால் ஓவியர் மன்னிக்கமாட்டார். படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கவும் மறக்காதீர்கள்.

வீடியோ படைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் நன்றாக விழுந்தேன். இருட்டறைக்குள் பாதியில் நுழைந்து, இரண்டு நிமிடம் நின்று, வெளியே வந்து முழுதும் பார்த்த மாதிரி எழுதுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞரின் "கடிகாரம்" என்ற வீடியோ படைப்பு 24 மணி நேரம் ஓடும். அதை முழுக்கப் பார்க்கச் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று எழுதிவிட்டால் போதும், வாசகர் புரிந்துகொள்வார். நான் ஒருமுறை முழுதாகவே பார்த்தேன். 18 நிமிடப் படம். கடைசி நான்கு நிமிடம் சத்தமே இல்லை. கிழவி ஒருத்தி வாயசைக்கிறாள், சொல் வரவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போனபோது கிழவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற காவலரிடம் கேட்டேன். "ஸ்பீக்கர் ரிப்பேர் சார், போன வாரம்தான் மாத்துனாங்க. நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றார்.