ஃப்ளை ஃபிஷிங் வகுப்பு: முதுகுக்குப் பின்னால் நடக்கும் தவறுகள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கனக்கும், அதை வீசினால் நரம்பு பின்னாலேயே ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் கதை தலைகீழ். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். கனமெல்லாம் லைனில், அதாவது ரீலில் சுற்றியிருக்கும் தடித்த கயிற்றில்தான். ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம். நாம் வீசுவது அந்த 9 கிராமை, பூச்சி சும்மா கூடப் போகிறது. இது மண்டையில் ஏறாமல் வகுப்புக்கு வருகிறவர்கள் பலம் கொடுத்து வீசுவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே ட்ரவுட் மீன் பிடிக்கும் சீசன் ஏப்ரல் கடைசி சனிக்கிழமை தொடங்கும். அதனால் நான் சேர்ந்த கிளப்பில் பனிக்காலம் முழுக்கப் பூச்சி கட்டும் வகுப்பு, பனி கரைந்ததும் புல்வெளியில் வீச்சுப் பயிற்சி, அப்புறம்தான் ஆறு. வகுப்புக்கு முன்பே கடைக்குப் போய் கழியும் ரீலும் வாங்கிவிடாதீர்கள். வகுப்பில் இரவல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். நாலைந்து கழிகளைக் கையில் பிடித்துப் பார்த்தபின் வாங்கினால் காசு மிச்சம். ஆரம்பத்துக்கு 9 அடி நீளம், ஐந்தாம் எண், அது போதும்.

வீச்சில் நடக்கும் பெரிய தவறு நம் கண்ணுக்குத் தெரியாது. லைன் முன்னால் குவியலாக விழும். உடனே முன்வீச்சில் கோளாறு என்று நினைத்து இன்னும் வேகமாகத் தள்ளுவோம். கோளாறு பின்வீச்சில். லைன் பின்னால் முழுதாக நீள்வதற்குள் கையை முன்னால் கொண்டுவந்திருப்போம். மாட்டுவண்டிச் சாட்டை மாதிரி ‘சட்’டென்று சொடுக்குச் சத்தம் கேட்டால் நுனியில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் போயிருக்கும். வகுப்பெடுத்த பெரியவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “திரும்பிப் பார்.” தலையைத் திருப்பி, லைன் விரிவதைப் பார்த்துவிட்டு முன்னால் வா என்றார். கழுத்து வலித்தது, ஆனால் அன்றைக்கே லைன் நேராக விழுந்தது.

அடுத்தது மணிக்கட்டு. கழியைக் கடிகார முள்ளாக நினைத்து, பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் நிறுத்தச் சொல்வார்கள். மணிக்கட்டு மடிந்தால் கழி மூன்று மணிக்குப் போய், லைன் பின்னால் புல்லில் படுத்துவிடும். கழியின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் செருகிக்கொண்டு வீசிப் பாருங்கள். மணிக்கட்டு மடியும்போதெல்லாம் சட்டை இழுக்கும். அதே சமயம் அந்தக் கடிகாரத்தை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், லைன் நீள நீள வீச்சும் அகலமாக வேண்டும். திடீரென்று பலம் கொடுத்தால் லைன் தன்னையே குறுக்கே வெட்டி, பூச்சியைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பில் முடிச்சு விழும். இங்கே அதற்குக் ‘காற்று முடிச்சு’ என்று பெயர். பாவம், காற்றின் மேல் பழி. அந்த முடிச்சோடு மீன் பிடிக்கப் போகாதீர்கள், நரம்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வீட்டில் பழகும்போது முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். புல்லில் வீசுங்கள், சிமெண்டுத் தரை லைனின் மேல்பூச்சை உரித்துவிடும். ஆற்றில் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

இனி பூச்சி கட்டும் மேஜை. ‘மீன் பிடிக்கத்தானே வந்தேன், கைவேலை எதற்கு’ என்று இந்த வகுப்பைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் உருப்படியான வகுப்பு. இங்கே முதலில் கட்ட வைத்தது ‘வூலி பக்கர்’. பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967இல் உருவாக்கியது. மென்மயிர் வால், கம்பளிக்கயிற்று உடம்பு, அதன் மேல் சுற்றிய சேவல் இறகு, அவ்வளவுதான். எல்லாம் முடிந்து கடைசியில் நூலை முடிச்சிடப் போனால் இடமே இருக்காது. முள்ளின் காது, அதாவது நரம்பு நுழையும் துளை, இறகால் அடைபட்டிருக்கும். தவறு கடைசியில் தெரிகிறது, ஆனால் நடந்தது முதல் நிமிடத்தில். காதுக்குப் பின்னால் ஒரு காது நீளம் இடம் விட்டுத்தான் எதையுமே தொடங்க வேண்டும்.

நூலின் இறுக்கம் பூக் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். தளர்ந்தால் உதிரும், இழுத்தால் அறும். ஒருவருக்குப் பன்னிரண்டு பூச்சிக்குப் பொருள் கிடைத்தால் பன்னிரண்டு வகை கட்டுவார். ஒரே பூச்சியைப் பன்னிரண்டு முறை கட்டுங்கள், மூன்றாவதற்கும் பத்தாவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். முள்ளின் எதிர்முனையை, அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை, நசுக்குவதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே நசுக்குங்கள். சில முட்கள் அப்போதே உடையும், உடைந்தால் ஒரு முள்ளோடு போகும்.

ஆற்றுக்குப் போகும்முன் விதிகளைப் படியுங்கள். இங்குள்ள ஓ சேபிள் ஆற்றில் ‘ஹோலி வாட்டர்’ என்கிற பகுதியில் போலிப் பூச்சி மட்டும்தான், பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள், விட்டாலும் பிழைக்காமல் போகலாம். டீட் கலந்த கொசு மருந்து தடவிய கையால் லைனைத் தொடவேண்டாம், பிளாஸ்டிக்கை அது அரிக்கும்.

முடிச்சை வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். ஜூன் கடைசியில் அந்த ஆற்றில் ‘ஹெக்ஸ்’ என்னும் பெரிய மேஃப்ளைப் பூச்சி இருட்டிய பிறகுதான் கிளம்பும், பெரிய மீன்களும் அப்போதுதான் மேலே வரும். என் முதல் ஹெக்ஸ் இரவில் ஒரு மீன் ‘குளக்’கென்று விழுங்கியது, இரண்டு விநாடி கனத்தது, விட்டுப்போனது. நரம்பு பழசு என்று சலித்துக்கொண்டேன். பெரியவர் டார்ச் அடித்து நுனியைக் காட்டினார். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. அறுந்திருந்தால் அப்படிச் சுருளாதாம், முடிச்சு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. “இறுக்கும் முன் எச்சில் தொட்டாயா?” என்று கேட்டார்.