வியட்நாம் மாணவர்களுக்கு ‘அட்மிஷன்’ சொல்லித்தருவது எப்படி?

ஆன்லைனில் வியட்நாம் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் ‘அட்மிஷன்’ என்றால் காலேஜ் சீட், ஆஸ்பத்திரி இரண்டோடு நிறுத்திவிடுவோம். தவற்றை ஒப்புக்கொள்வதற்கும் அதே சொல்தான் என்பது தமிழ்ப் பேச்சில் வருவதே இல்லை. வியட்நாம்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: அவர்கள் மொழியிலிருந்து ஆரம்பியுங்கள்

‘ஞன்’ என்று ஒரு வியட்நாமிய வினைச்சொல். பெறுவது, ஏற்பது என்று பொருள். (தொனியைத் தமிழில் எழுதிக் காட்ட முடியாது, மாணவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.) பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் ‘ஞன்’, தவற்றை ஒப்புக்கொண்டால் ‘ஞன் லோய்’, குற்றத்தை ஒப்புக்கொண்டால் ‘ஞன் தோய்’. ஆளை உள்ளே ஏற்பதும் உண்மையை ஏற்பதும் அங்கே ஏற்கெனவே ஒரே சொல்லில் இருக்கின்றன. இதைப் பலகையில் எழுதிவிட்டால் இரண்டு பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஹனோயின் இலக்கியக் கோயிலுக்குள் போக வாங்கும் நுழைவுச்சீட்டுக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டணமும் அட்மிஷன்தான். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 2: நுழைவுப் பக்கம்

பல்கலைக்கழகச் சேர்க்கையை உதாரணமாக எடுங்கள். அங்கே பள்ளி இறுதித் தேர்வும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் 2015-இல் ஒன்றாக்கப்பட்டன. கட்-ஆஃப் மதிப்பெண் பற்றி நம் பிள்ளைகளைப் போலவே அவர்களும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ‘அட்மிஷன் டு தி யூனிவர்சிட்டி’ என்று எழுதி, ‘டு’வுக்கு அடியில் கோடு போடுங்கள். எங்கே சேர்கிறோமோ அந்த இடம் ‘டு’வுக்குப் பின்னால் வரும்.

படி 3: ஒப்புதல் பக்கம்

‘அட்மிஷன் ஆஃப் கில்ட்’, ‘அட்மிஷன் ஆஃப் ஃபெயிலியர்’ என்று தொடங்குங்கள். ‘ஆஃப்’புக்குப் பின்னால் குற்றமோ தோல்வியோ வந்தால் அது ஒப்புதல். ‘அட்மிஷன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று ஆட்கள் வந்தால் மறுபடி நுழைவு. ஆகவே ‘டு என்றால் நுழைவு, ஆஃப் என்றால் ஒப்புதல்’ என்று சூத்திரம் போட்டுக் கொடுக்காதீர்கள். அடுத்த படியிலேயே அது உடைந்துவிடும்.

படி 4: வினைச்சொல்

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இங்கேதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள்:

‘ஹீ வாஸ் அட்மிட்டட் டு ஹாஸ்பிடல்.’
‘ஹீ அட்மிட்டட் டு சீட்டிங்.’

இரண்டிலும் ‘டு’ இருக்கிறது. வித்தியாசம் ‘வாஸ்’ என்ற குட்டிச் சொல்லில். ஆஸ்பத்திரியில் அவரை யாரோ சேர்க்கிறார்கள், எனவே செயப்பாட்டு வினை. காப்பியடித்ததை அவரே ஒப்புக்கொள்கிறார், எனவே செய்வினை. ‘இதைச் செய்தது யார், அவரா, அவருக்கு வேறொருவரா?’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கப் பழக்குங்கள்.

வியட்நாமியத்தில் ஆஸ்பத்திரியில் சேர்வதை ‘ஞப் வியேன்’ என்பார்கள். அங்கே செயப்பாட்டு வினை தேவையே இல்லை. ‘நான் ஆஸ்பத்திரி நுழைந்தேன்’ என்பது மாதிரியான அமைப்பு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஐ அட்மிட்டட் ஹாஸ்பிடல்’ என்று வரும். திட்டாதீர்கள், அது அவர்கள் இலக்கணப்படி சரியான யோசனை. ‘வாஸ்’ஸையும் ‘டு’வையும் வேறு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள், போதும்.

அப்புறம், ஒப்புதலில் அடுத்து வரும் வினை ‘இங்’ வடிவில் இருக்க வேண்டும். ‘அட்மிட்டட் டு ஸ்டீல்’ தவறு. ‘அட்மிட்டட் ஸ்டீலிங்’ அல்லது ‘அட்மிட்டட் டு ஸ்டீலிங்’ சரி.

படி 5: உச்சரிப்பு

வியட்நாமியத்தில் ‘மித்’ என்றால் பலாப்பழம். மேலே ஏறும் தொனியில் சொல்வார்கள். ‘அட்மிட்’டில் அழுத்தம் விழுவதும் அந்த இரண்டாம் அசையில்தான், எனவே ‘பலாப்பழத்தைச் சொல்லுங்கள்’ என்றால் அழுத்தம் தானாக அமையும். சிரிப்பும் வரும். ‘அட்மிஷன்’னிலும் அழுத்தம் அதே ‘மி’யில். வட வியட்நாம்காரர்களுக்கு ‘ஷ’ ஒலி ‘ஸ’வாகச் சாயும், அதை மட்டும் தனியாகப் பயிற்சி கொடுங்கள். ‘அட்மிட்டட்’டின் கடைசி அசையை விழுங்குகிறார்களா என்றும் கவனியுங்கள், அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது.

படி 6: பிரிக்கச் சொல்லுங்கள்

கலந்து நான்கு வாக்கியம் கொடுங்கள்: ‘அட்மிஷன் இஸ் ஃப்ரீ’, ‘ஷீ வாஸ் அட்மிட்டட் லாஸ்ட் நைட்’, ‘ஹிஸ் சைலன்ஸ் வாஸ் அன் அட்மிஷன் ஆஃப் கில்ட்’, ‘தி மினிஸ்டர்ஸ் அட்மிஷன் ஷாக்ட் எவ்ரிஒன்’. கடைசியில் விவாதம் கிளம்பும். அமைச்சர் ஏதாவது ஒப்புக்கொண்டாரா, ஆஸ்பத்திரியில் படுத்தாரா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. முன்னால் ஒரு வரி சேர்த்து இரண்டு விதமாகவும் எழுதிவரச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் அதுதான்.