கடைக்கு எளிய கணினி போதும்
செங்கோட்டை, புளியரைப் பக்கக் கடைகளில் கணக்குக்கும் தமிழ், மலையாளத் தட்டச்சுக்கும் பழைய லேப்டாப்பே தாராளம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இருக்கட்டும். பழைய கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதை எஸ்எஸ்டியாக மாற்றினாலே பாதிப் புலம்பல் தீரும். ராம் போர்டிலேயே பற்றவைத்திருந்தால் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்முன் கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல மாற்று. அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை, ஒலி, முக்கியமாகப் பிரிண்டர். அதுதான் அதிகம் மக்கர் செய்யும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள். தமிழுக்குத் தமிழ்99, மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இடி மழை வருமுன் சார்ஜரோடு லேன் (இணைய) கேபிளையும் கழற்றுங்கள்; மின்னல் அதன் வழியாகவும் பாயும்.