கார் பல்பு அடிக்கடி போவது ஏன்?

ஹெட்லைட் பல்பு போனால் புதியதை மாட்டிக்கொண்டு பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நம்மில் பலருடைய வழக்கம். ஆனால் மாற்றிய சில மாதங்களிலேயே பல்பு மறுபடியும் போகிறதென்றால், பழைய பல்பை வீசாமல் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. போவது எப்போதும் ஒரே பக்கத்துப் பல்பா, அல்லது இரு பக்கமும், பின் விளக்கும் மாறி மாறிப் போகின்றனவா? ஒரே பக்கம் என்றால் கோளாறு அந்த விளக்கிலோ அதன் ஹோல்டரிலோதான் இருக்கும். எல்லாம் போகின்றன என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜிங் அமைப்பைச் சந்தேகிக்கலாம்.

கண்ணாடி கறுத்து, அறுந்த இழையின் முனைகள் உருகி உருண்டிருந்தால் வோல்டேஜ் மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே வெண்மையான பொடி படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் புடைத்தோ வெளுத்தோ இருந்தால், மாட்டியவருடைய விரலின் எண்ணெய்ப் பசை அங்கே சூட்டைக் கூட்டியிருக்கும். கண்ணாடி பளிச்சென்று இருக்க, புதிய பல்பின் இழை மட்டும் அறுந்திருந்தால் அதிர்வுதான் காரணமாக இருக்கலாம். நெடுநாள் எரிந்த ஹாலஜன் பல்பும் இப்படித்தான் போகும் என்பதால் பல்பின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெல் ஏற்றிய டிராக்டர்கள் ஓடிக் குழி விழுந்த வாய்க்கால் கரைச் சாலைகளில் தினமும் போய்வரும் வண்டிகளில், பல்பைப் பிடிக்கும் கம்பிக் கிளிப் தளர்ந்திருக்கிறதா, விளக்கு மொத்தமும் கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது அளவெடுப்பது. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, எஞ்சினை நிறுத்திப் பேட்டரி முனைகளில் தொட்டால், நன்கு சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். 15 வோல்ட்டைத் தாண்டிப் போனால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த பல்பு வாங்குவது வீண். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலும் வோல்டேஜ் துள்ளும். அதையும் முடுக்கிவிட வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஹோல்டரிலும் எர்த் ஒயரிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். இதனால் பல்பு அறுவதைவிட மங்கலாகவும் விட்டுவிட்டும் எரிவதே அதிகம். பல்பு போய்விட்டதென்று நல்ல பல்பையே மாற்றுகிறவர்களும் உண்டு. ஹெட்லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் ஒயரிலும் வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். விளக்கின் உட்புறம் நீர் கோத்திருந்தால் பின்புற ரப்பர் மூடியை மாற்றிவிடலாம்.

ஹோல்டர் உருகியிருந்தால் பல்பின் வாட்டைப் பார்க்க வேண்டும். பல கார்களில் இருக்கும் எச்4 பல்பு 60/55 வாட். அந்த ஒயரிங்கில் 100/90 வாட் பல்பைப் போட்டு, ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) தடித்த ஒயரும் சேர்க்காமல் ஓட்டினால், சுமார் 5 ஆம்பியர் போன இடத்தில் 8 ஆம்பியருக்கு மேல் போய், அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும். உருகிய ஹோல்டரில் புதிய பல்பைச் செருகுவதில் பயனில்லை, ஹோல்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதிய பல்பை அடிப்பாகத்தில் பிடித்தே மாட்ட வேண்டும். கண்ணாடியில் கை பட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு விளக்கைப் போடலாம்.