சைக்ளோட்ரான் பீமை சிமுலேட் பண்ணி நெஜ மெஷின்ல அளந்ததோட ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

ஸ்விட்சர்லாந்து வில்லிகன்ல இருக்குற பால் ஷெரர் இன்ஸ்டிடியூட்டோட ரிங் சைக்ளோட்ரானையே உதாரணமா எடுத்துக்கலாம், புரோட்டான் கூட்டத்த (அதுதான் பீம்) காந்தத்தால சுத்த வச்சு சுத்துக்குச் சுத்து வேகமேத்துற இந்த மெஷின் 1974ல இருந்து ஓடுது, சிமுலேஷனுக்கு வேணுங்கற ஓப்பல் சாஃப்ட்வேரும் அங்கயே உருவானதுதான், ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீயாவே எடுத்துக்கலாம்.

கம்ப்யூட்டரத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. பீம் கரண்ட் 2.2 மில்லி ஆம்பியர், ஆர்எஃப், அதாவது வேகமேத்துற மின்புலத்தோட அதிர்வெண், 50.63 மெகாஹெர்ட்ஸ், கரண்ட்ட இந்த அதிர்வெண்ணாலயும் ஒரு புரோட்டானோட சார்ஜாலயும் வகுத்துப் பாத்தா ஒரு பஞ்சுக்கு, அதாவது ஒரு அதிர்வுக்கு வர்ற ஒரு கொத்துக்கு, சுமார் 27 கோடி புரோட்டான். வெளிய வர்ற எனர்ஜி 590 மெகா எலக்ட்ரான் வோல்ட், அப்போ பவர் 1.3 மெகாவாட். இதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு உள்ள எங்கயாவது மோதுனாலே 130 வாட், அந்த எடம் ரேடியோஆக்டிவ் ஆயிடும், அப்புறம் ரிப்பேருக்கு ஆள் கிட்ட போறதே பாடு. அதனால நாம பிடிக்க வேண்டியது பீமோட ஓரத்துல சிதறுற அந்தக் கொஞ்சூண்டு புரோட்டானத்தான்.

ஸ்டெப் 1: 8 செக்டர் மேக்னெட்டோட ஃபீல்ட் மேப் (எந்த எடத்துல காந்தப்புலம் எவ்வளவுங்கற அட்டவணை), துகள வேகமேத்துற 4 மெயின் கேவிட்டி, பஞ்சுல இருக்குற எல்லாத் துகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு எனர்ஜி கெடைக்க வைக்கிற ஒரு ஃப்ளாட்-டாப் கேவிட்டி, இதெல்லாம் இன்புட் ஃபைல்ல குடுத்துடுங்க.

ஸ்டெப் 2: எடுத்த எடுப்புல லட்சக்கணக்குல துகளக் கொட்டாதீங்க. எண்ணிக்கை 1னு குடுத்தா ஓப்பல் ஒத்தத் துகளோட பாதைய மட்டும் போட்டுக் காட்டும். கேவிட்டிய ஆஃப் பண்ணிட்டு 72 மெகா எலக்ட்ரான் வோல்ட்ல விடுங்க, ஒவ்வொரு சுத்துலயும் கெளம்புன ஆரத்துக்கே திரும்ப வரணும், வரலைன்னா ஆரத்தையும் ஆரத் திசை உந்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. அது சரியானப்புறம் கேவிட்டிய ஆன் பண்ணா 200க்குக் கொஞ்சம் கம்மியான சுத்துல 590ஐத் தொடும்.

ஸ்டெப் 3: இப்போ நெறைய துகள், ஸ்பேஸ் சார்ஜோட, அதாவது புரோட்டான் ஒண்ண ஒண்ணு தள்ளுறதையும் சேத்து. டைம் ஸ்டெப்பப் பாதியாக்கி, அந்தத் தள்ளுவிசையக் கணக்குப் போடுற கட்டங்களோட (கிரிட்) எண்ணிக்கைய இரட்டிப்பாக்கி இன்னொரு தடவ ஓட்டுங்க, ரெண்டு ரிசல்ட்டும் ஒண்ணா இருந்தாதான் நம்பலாம்.

ஸ்டெப் 4: எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். நெஜ மெஷின்ல ரேடியல் ப்ரோப்னு ஒண்ணு இருக்கு, மெல்லிசான கம்பிய ஆரம் வழியா நகத்திக்கிட்டே போவாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் சிக்னல்ல ஒரு மேடு எழும்பும். ஓப்பல்லயும் அதே கோணத்துல ஒரு ப்ரோப் வச்சு, துகள் விழுந்த ஆரத்த ஹிஸ்டோகிராமாக்கி அளந்த கிராஃப் மேலயே போடுங்க. மொதல்ல மேடுகளோட எடம் பொருந்தணும், அப்புறம் அகலம், கடைசியா மேடுகளுக்கு நடுவுல இருக்குற பள்ளம். இங்க பீமை வேணும்னே மையத்துல இருந்து கொஞ்சம் தள்ளிதான் உள்ள விடுறாங்க, அதனாலதான் சுமார் 6 மில்லிமீட்டரா இருக்க வேண்டிய கடைசிச் சுத்து இடைவெளி 18 வரைக்கும் விரியுது, அந்தப் பள்ளத்துலதான் பீமை வெளிய திருப்புற டிஃப்ளெக்டர் நிக்குது.

பள்ளத்த லாக் ஸ்கேல்ல பாருங்க, சாதா ஸ்கேல்ல எல்லாம் சைபராத்தான் தெரியும். 1 லட்சம் துகள் ஓட்டுனா பத்தாயிரத்துல ஒண்ணுங்கற இழப்புக்கு வெறும் 10 துகள்தான் சிக்கும், அதுலயே 3 ஏற எறங்க இருக்கும், அத வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது, 10 லட்சமாவது ஓட்டுங்க.